எழும்பூர் கிர்க்கும் நம்மூர் வெள்ளைக் கோபுரமும்

சிங்கப்பூரின் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்படியேறி வெளியே கால் வைத்தால் முதலில் கண்ணில் அடிப்பது செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் வெள்ளைதான். உச்சி வெயிலில் நேராகப் பார்க்க முடியாது, கண் கூசும். பல வருடங்களாக எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அதன் மர நிழலில் நடந்திருக்கிறேனே தவிர, யார் கட்டினார்கள், எதை வைத்துக் கட்டினார்கள் என்றெல்லாம் யோசித்ததில்லை. கூர் வளைவுகள், ஒல்லியான ஜன்னல்கள், ஊசிபோல ஒரு கோபுரம். வெள்ளைக்காரன் தன் ஊர்க் கோயிலைப் பெயர்த்து வந்து இங்கே நட்டுவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் அதன் உள்சுவரில் பூசிய கலவையின் பெயர் தெரியவந்தது. மெட்ராஸ் சுனாம். சுனாம் என்பது வேறொன்றுமில்லை, வெற்றிலைக்குத் தடவும் நம் சுண்ணாம்புதான், ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. மெட்ராஸ்காரர்களின் சுண்ணாம்புக்கு சிங்கப்பூரின் இங்கிலீஷ் கோயிலில் என்ன வேலை என்று தேடப்போய், கடைசியில் சென்னை எழும்பூரில் போய் நின்றேன். அங்கேயும் ஒரு செயின்ட் ஆண்ட்ரூ ஆலயம் இருக்கிறது. நம்மூர்ப் பேராலயத்துக்கு நாற்பது வருடம் மூத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. வரைபடம் கப்பலேறி வந்தது. ஆனால் சேற்று மண்ணில் கட்டடத்தை நிற்க வைத்ததும், சுவரைப் பளபளக்க வைத்ததும் இந்தப் பக்கத்துக் கைவேலை.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். முன்பு பூந்தமல்லி நெடுஞ்சாலை என்ற பெயரில் இருந்த அந்தச் சாலைக்கு இப்போது ஈ.வெ.ரா. பெரியார் பெயர். ஒரு மாதா கோயிலுக்கு இப்படி ஒரு முகவரி அமைந்தது தமிழ்நாட்டில்தான் நடக்கும். ஊர்க்காரர்கள் அதை 'கிர்க்' என்றே சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் சர்ச்சுக்கு அதுதான் சொல். ஆட்டோக்காரரிடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றால் ஒரு நொடி யோசிப்பார், கிர்க் என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தனிக் கோயில் எதற்கு? கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸில் ராணுவத்திலும் வியாபாரத்திலும் மருத்துவத்திலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் பிரஸ்பிட்டேரியன் சபையினர். ஆங்கிலேயரின் ஆங்கிலிக்கன் சபையில் பிஷப்பு உண்டு, இவர்களுடையதில் கிடையாது, வழிபாடும் வேறு. 1813-ல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் பிஷப்பு ஒருவரை நியமிக்க வழி பிறந்தது. அவர்களுக்கு உண்டென்றால் எங்களுக்கும் வேண்டும் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் கேட்க, கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மூன்றிலும் ஸ்காட்லாந்து சபைக்கு ஒரு குருவானவரும் ஒரு கோயிலும் என்று முடிவானது. மெட்ராஸ் கிர்க்குக்கு 1818 ஏப்ரல் 6-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1821 பிப்ரவரி 25-ல் திறந்தார்கள். மூன்றே வருடம்.

கட்டியவர் மேஜர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலண்ட், கம்பெனியின் மெட்ராஸ் எஞ்சினியர் படையைச் சேர்ந்தவர். கொஞ்சம் பிடிவாதக்காரர் போலிருக்கிறது. கிர்க்குக்குப் பத்து வருடம் முன்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, காவிரிக்குக் குறுக்கே அகலமான செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்றார். மேலிடத்தில் யாரும் நம்பவில்லை. சரி, நம்பாவிட்டால் போகட்டும் என்று, நூறடிக்கும் மேல் அகலமுள்ள ஒரு தட்டையான செங்கல் வளைவைக் கட்டிக் காட்டினார். அந்த வளைவுக்கு மேலே எதுவும் இல்லை, கீழே ஆறும் இல்லை. முடியும் என்று காட்ட மட்டுமே அது நின்றது. 1937 வரைக்கும் நின்றது, அப்புறம்தான் விழுந்தது. கதீட்ரல் சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தை எஞ்சினியர் கர்னல் கால்டுவெல் வரைந்தபோது, அதை எழுப்பும் பொறுப்பும் டி ஹாவிலண்டிடம்தான் வந்தது. கிர்க் ஆரம்பிக்கும்போது அவருக்குச் சென்னையின் மண்ணும் செங்கல்லும் சுண்ணாம்பும் அத்துப்படி.

கிர்க்கின் வெளித்தோற்றம் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள செயின்ட் மார்ட்டின் ஆலயத்தை ஒட்டியது. முன்னால் உயரமான தூண்கள் தாங்கிய முகப்பு, அதன் முதுகில் ஏறிக்கொண்ட மணிக்கூண்டு. ஆனால் உள்ளே போனால் லண்டன் இல்லை. நடுமண்டபம் வட்டம். இங்கேதான் ஒரு வேடிக்கை. செயின்ட் மார்ட்டினை வரைந்த ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் அதற்கு வட்ட வடிவம் ஒன்றைத்தான் வரைந்தார். அதிகம் செலவாகும் என்று அதைத் தள்ளிவிட்டு நீள்சதுரமாகக் கட்டினார்கள். தள்ளுபடியான அந்த வரைபடத்தை கிப்ஸ் 1728-ல் தன் கட்டடக்கலை நூலில் அச்சிட்டுவிட்டார். லண்டனில் வேண்டாம் என்ற அந்த வட்டம், ஏறக்குறைய நூறு வருடம் கழித்து எழும்பூரில் எழுந்தது. நம் கல்யாண வீட்டில் ஒருவர் வேண்டாமென்று வைத்த பட்டுப்புடவை இன்னொருவருக்குச் சரியாகப் பொருந்துமே, அந்த மாதிரி.

வட்டத்தின் விட்டம் 81 அடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள்ளே பதினாறு தூண்கள் ஒரு வளையமாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் 51 அடிக்குச் சற்றுக் கூடுதல் விட்டமுள்ள கவிந்த கூரை. கிழக்கிலும் மேற்கிலும் நீள்சதுரமாக இரண்டு பகுதிகளை ஒட்டியிருக்கிறார்கள். மணிக்கூண்டின் உச்சி 166 அடியைத் தாண்டும். கூரையின் உட்புறம் ஆழ்ந்த நீலம், அதில் பொன்னிற நட்சத்திரங்கள். லாபிஸ் லசுலி என்ற நீலக்கல்லைப் பொடித்துச் செய்த வண்ணம் என்று சொல்வார்கள். ஏப்ரல் வெயிலில் வெளியிலிருந்து உள்ளே நுழைந்து நிமிர்ந்தபோது, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்த பழைய நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

அழகை அப்புறம் பார்க்கலாம், முதலில் அடித்தளம். எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத பகுதிதான். கூவத்துக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் இடம் அது. மேலே களிமண், கீழே மணல், தோண்டினால் ஊற்று. இந்த மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டு, அதன்மேல் செங்கல் கூரையையும் 166 அடிக் கோபுரத்தையும் ஏற்றினால் ஒரு பக்கம் இறங்கும், ஒரு பக்கம் நிற்கும், நடுவில் வாய் பிளக்கும். டி ஹாவிலண்ட் செய்தது என்னவென்றால், கிணறு வெட்டினார். ஒன்றிரண்டு இல்லை, 150 கிணறுகள். மண்ணின் தன்மையைப் பொறுத்து 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை.

கிணற்றின் மேல் எப்படிக் கட்டடம் நிற்கும் என்று கேட்கலாம். உறைக்கிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சுட்ட மண் உறையையோ செங்கல் வளையத்தையோ தரையில் வைப்பார்கள். ஓர் ஆள் அதற்குள்ளே நின்று மண்ணைத் தோண்டி மேலே அனுப்புவார். அடியில் மண் போகப் போக, வளையம் தன் பாரத்தில் தானாகக் கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை வைப்பார்கள், அது முன்னதை அழுத்தும். சுற்றியுள்ள சேறு சரிந்து விழாமல் உறையே காவல். தண்ணீர் வேண்டுமென்றால் ஊற்று வந்ததும் நிறுத்துவார்கள். அஸ்திவாரம் வேண்டுமென்றால் கெட்டி மண் தட்டுப்படும் வரை இறக்கி, பிறகு உள்ளே செங்கல் துண்டும் சுண்ணாம்புக் கலவையும் கொட்டி அடைப்பார்கள். கிணறு அப்போது தூணாகிவிடும், தரைக்குக் கீழே நிற்கும் தூண். இப்படிப் பல தூண்களின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் சுவர் எழுப்பினால் பாரம் சேற்றைத் தொடாமல் ஆழத்துக்கு இறங்கிவிடும்.

இன்றைக்கு சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி புளோக் கட்ட ஆரம்பிக்கும்போது நாள் முழுக்கத் தரையைத் துளைத்துக்கொண்டிருப்பார்களே, கான்கிரீட் கம்பங்களை இறக்க, அதுவும் இதே யோசனைதான். எந்திரத்துக்குப் பதில் அங்கே மண்வெட்டியும் மூச்சடக்கும் ஆளும். இதை எஞ்சினியர் லண்டனில் படித்துவிட்டு வரவில்லை. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் தோண்டினால் உறைக்கிணறு கிடைக்கிறது. ஆறும் மணலும் உள்ள ஊரில் பாலத்துக்கும் கோயிலுக்கும் கிணறு இறக்கி அடித்தளம் போடுவது நாட்டு வழக்கம். டி ஹாவிலண்டின் கெட்டிக்காரத்தனம், அதை நம்பி இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றியது. அந்த 150 கிணறுகளுக்குள் இறங்கியவர்கள் யாருடைய பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

அடுத்த எதிரி கறையான். சென்னையில் மரக் கூரை போட்டால் பத்து வருடத்தில் உள்ளே சல்லடையாகிவிடும். அதனால் கூரையில் மரத்தைத் தவிர்த்து, முழுக்க செங்கல்லும் கலவையுமாகக் கவித்துவிட்டார். செங்கல் கூரை வெளிப்பக்கமாகத் தள்ளும். பதினாறு தூண்களையும் அகட்டப் பார்க்கும். தூண் வளையத்துக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலுள்ள இடத்தையும் வளைத்து மூடியிருப்பதால், அந்தத் தள்ளலை அது எதிர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மெட்ராஸுக்கு இந்த மரமில்லாத கூரை புதிதும் இல்லை. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ், 1680-ல் திறந்தது, அதன் கூரையைப் பீரங்கிக் குண்டுக்குப் பயந்து செங்கல்லால் தடிமனாக வளைத்துக் கட்டினார்கள். ராபர்ட் கிளைவ் 1753-ல் கல்யாணம் செய்துகொண்ட கோயில் அது. அங்கே குண்டுக்காகச் செய்ததை, இங்கே கறையானுக்காகச் செய்தார்கள்.

சரி, பளபளப்புக்கு வருவோம்.

கிர்க்கின் உள்ளே ஒரு தூணில் கை வைத்தேன். குளிர்ச்சியாக, வழவழவென்று, உள்ளங்கை வியர்வையின் தடம் ஒரு கணம் ஒட்டி மறைந்தது. சலவைக்கல் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பது செங்கல், மேலே சில மெல்லிய படலங்களாகச் சுண்ணாம்பு. அதுதான் மெட்ராஸ் சுனாம். வெள்ளைக்காரர்கள் எழுதிய பழைய பயணக் குறிப்புகளில் இந்தச் சுண்ணாம்பைப் பற்றி வியப்பு கொட்டிக் கிடக்கும். கப்பலிலிருந்து பார்த்தால் மெட்ராஸ் வீடுகள் பளிங்கு மாளிகைகளாகத் தெரிந்தனவாம், கரையிறங்கித் தொட்டால்தான் பூச்சு என்று தெரியுமாம்.

இந்தப் பூச்சு எப்படி வருகிறது என்பதைக் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைச் சீர்செய்தபோது அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கடற்கரைக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, சல்லடையில் சலித்து, வாரக்கணக்கில் ஊறவைத்திருந்தார்கள். கடுக்காயை உடைத்து ஊறவைத்த தண்ணீர் ஒரு தொட்டியில், கரைத்த வெல்லம் இன்னொன்றில். முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்கு மட்டும். அடிப்பூச்சில் மணல் இருக்கும், மேலே போகப் போக மணல் குறையும், கடைசியில் வெண்ணெய் மாதிரி வெறும் சுண்ணாம்புதான். அம்மியில் அரைத்த தேங்காய் விழுதைவிட மழமழப்பு. பூசியபின் ஒரு பெரியவர் கைக்கடக்கமான உருண்டைக் கல்லை எடுத்துக்கொண்டு சுவர்முன் குந்தினார். உடனே தேய்க்கவில்லை, காத்திருந்தார்.

எதற்கு என்று கேட்டேன். "விரல்ல ஒட்டக் கூடாது, நகம் பட்டா கோடு விழணும். அந்தப் பதம் வரணும் தம்பி. நேரம் தப்புச்சுன்னா அம்புட்டும் வீணு" என்றார். பதம் வந்ததும் ஆரம்பித்தவர் மதியச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு முழம் அகலத்தைத் தேய்த்து முடித்தபோது அதில் அவர் தலைப்பாகையின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது.

இதில் மாயமில்லை, கொஞ்சம் வேதியியல் இருக்கிறது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். நீற்றிப் பூசியபின் சுவர் மெல்ல மெல்லக் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு, மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சலவைக்கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதனால் மெட்ராஸ் சுனாமைப் போலிச் சலவைக்கல் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று மலையில் பிறந்தது, மற்றது கொத்தனார் கையில். வெல்லம் சேர்த்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரைந்து எங்கும் சீராகப் பரவும். வெள்ளைக்கரு பசைபோலப் பிடித்துக்கொண்டு, ஈரம் உள்ளே புகாமல் கொஞ்சம் தடுக்கும். கிளிஞ்சலில் கல்லைவிட அழுக்கு குறைவு, அதனால்தான் அந்த வெள்ளை.

இந்தச் சமையல் குறிப்பு சிங்கப்பூருக்கு வந்தது கைதிகள் இருந்த காலத்தில். 1824-ல் டச்சுக்காரர்களோடு ஒப்பந்தமாகி சுமத்ராவின் பெங்கூலன் அவர்கள் கைக்கு மாறியதும், அங்கிருந்த இந்தியக் கைதிகளைக் கம்பெனி இங்கே கொண்டுவந்தது. 1825 ஏப்ரல் 18-ல் மெட்ராஸைச் சேர்ந்த 80 பேர் வந்திறங்கினார்கள், ஒரு வாரத்தில் வங்காளத்தவர் 122 பேர். அப்புறம் வருடா வருடம் கப்பல்கள். சாலை போட, சதுப்பைத் தூர்க்க, கல் உடைக்க, செங்கல் அறுக்க எல்லாவற்றுக்கும் இவர்கள்தான். பிராஸ் பாசா சாலையில் இருந்த அவர்களுடைய சிறையைக் காவல் காத்தவர்களிலும் பலர் கைதிகளே. நல்ல நடத்தை காட்டினால் படிப்படியாகத் தளர்வு உண்டு. தச்சு, கொல்லு, கொத்து என்று தொழிலும் கற்றுத்தந்தார்கள்.

பேராலயம் நிற்கும் இடத்தில் முதலில் வேறொரு கோயில் இருந்தது. ஜார்ஜ் கோல்மன் வரைந்தது, 1837-ல் வழிபாடு தொடங்கியது. ஸ்காட்லாந்து வியாபாரிகள் நிறையப் பணம் கொடுத்ததால் அவர்களுடைய புனிதரான ஆண்ட்ரூவின் பெயர். கோபுரம் இல்லாமல் டவுன் ஹால் மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னார்கள். 1842-ல் ஜான் டர்ன்புல் தாம்சன் கோபுரம் வைத்தார். இடிதாங்கி வைக்கவில்லை. 1845-ல் மின்னல் இறங்கியது, 1849-ல் மறுபடியும். 1852-ல் ஆபத்து என்று மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். பாழடைந்த கோயிலில் பேய் குடியேறிவிட்டது, அதைச் சாந்தப்படுத்த மனிதத் தலை வேண்டுமாம், தலை வெட்டக் கைதிகளை அனுப்பியிருக்கிறார்களாம் என்று ஊரெல்லாம் புரளி பரவி, இருட்டியபின் ஆட்கள் வெளியே வரவே பயந்த காலம் ஒன்றும் இருந்தது. பாலம் கட்டும்போதெல்லாம் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதன் கடல் கடந்த வடிவம்.

புதிய கோயிலை வரைந்தவர் ரொனால்ட் மக்பெர்சன். மெட்ராஸ் பீரங்கிப் படை அதிகாரி, இங்கே அரசாங்க எஞ்சினியர், கைதிகளுக்கும் மேலாளர். எம்ஆர்டி வரைபடத்தில் மக்பெர்சன் என்று பார்க்கிறோமே, அவர் பெயரில் அமைந்த சாலையிலிருந்து வந்த பெயர்தான் அது. 1856 மார்ச் 4-ல் அடிக்கல், நாட்டியவர் கல்கத்தா பிஷப்பு டேனியல் வில்சன். சிங்கப்பூர் அப்போது கல்கத்தா மறைமாவட்டத்தின் ஒரு மூலை. 1861 அக்டோபரில் முதல் ஆராதனை, 1862 ஜனவரி 25-ல் அடுத்த கல்கத்தா பிஷப்பு காட்டன் வந்து பிரதிஷ்டை செய்தார். மக்பெர்சன் நடுவிலேயே மலாக்காவுக்குப் போய்விட, வேலையைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் மெக்நேர். பின்னாளில், இன்றைக்கு அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவை எழுப்பியவரும் அவரே, அதுவும் கைதிகளின் உழைப்பில்தான்.

மெக்நேர் 1899-ல் கைதிகளைப் பற்றி எழுதியபோது இந்தப் பூச்சைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனது நம் நல்ல காலம். மெட்ராஸில் எல்லாரும் அறிந்தது, சிங்கப்பூரில் அதுவரை அறியாதது என்று ஆரம்பிக்கிறார். மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், எல்லாவற்றையும் அடித்துப் பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலந்தார்களாம். சுவரில் பூசி உலரவிட்டு, படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவினார்களாம். காரைக்குடிப் பெரியவர் இதைக் கேட்டிருந்தால் ஒரே ஒரு இடத்தில் புருவத்தை உயர்த்தியிருப்பார். கடுக்காய் எங்கே? தேங்காய் மட்டை எதற்கு?

என் ஊகம் இது. கடுக்காயிலிருந்து இறங்குவது துவர்ப்பு. தேங்காய் மட்டையை ஊறவைத்தாலும் தண்ணீர் பழுப்பாகித் துவர்ப்பேறும். கயிறு திரிக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த நிறமும் நாற்றமும் தெரியும். கடுக்காய் கிடைக்காத தீவில், தென்னை மட்டும் எங்கும் நிற்கும் தீவில், துவர்ப்புக்கு வேறு வழி கண்டுபிடித்த ஒரு கொத்தனார் இருந்திருக்க வேண்டும்.  ஒரு பொருளை ஏன் போடுகிறோம் என்று தெரிந்தவர்தான் இப்படி மாற்ற முடியும்.

அடித்தளத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் கதை வேறாகிவிட்டது. மக்பெர்சனின் முதல் வரைபடத்தில் கனத்த சதுரக் கோபுரம் ஒன்று இருந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே அஸ்திவாரம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்தது. எழும்பூரில் மண்ணுக்குள் இறங்கிக் கோபுரத்தைக் காப்பாற்றினார்கள். இங்கே கோபுரத்தை இளைக்கவைத்து அஸ்திவாரத்தைக் காப்பாற்றினார்கள். சிட்டி ஹாலில் நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த ஊசிக் கோபுரம், 200 அடிக்கும் மேல் போனாலும் பாரம் குறைந்தது, அப்படிப் பிறந்ததுதான்.

உருவத்திலும் ஒற்றுமை இல்லை. கிர்க்கில் கிரேக்க, ரோமானியத் தூண்களும் வட்டமும். பேராலயத்தில் கோதிக் பாணி, இங்கிலாந்தின் ஹாம்ஷயரில் இடிந்து கிடக்கும் நெட்லி மடத்தை நினைத்து வரைந்தது. நடுவில் கடந்த நாற்பது வருடத்தில் இங்கிலாந்தின் ரசனை மாறிவிட்டது, கோயில் என்றால் கூர் வளைவுதான் என்று ஆகிவிட்டது. பெயரிலும் ஒரு திருகல் உண்டு. எழும்பூர் ஆண்ட்ரூ ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்களுக்கு. இங்கேயுள்ள ஆண்ட்ரூவோ, ஸ்காட்லாந்துக்காரர்கள் பணம் கொடுத்தும், ஆங்கிலிக்கன். பிரஸ்பிட்டேரியன்கள் ஆர்ச்சர்ட் சாலையில் 1878-ல் தனிக் கோயில் கட்டிக்கொண்டார்கள். எழும்பூர் கிர்க் இன்றைக்குத் தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சிஎஸ்ஐயில் இருக்கிறது. பிஷப்பு இல்லாத சபையாகத் தொடங்கியது பிஷப்பு உள்ள சபைக்குள் வந்துவிட்டது.

நம்மவர்கள் கட்டிய கோயில் என்று சிலர் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நிதானம் வேண்டும். கைதிகளில் தமிழர் இருந்தார்கள், தெலுங்கர், வங்காளிகள், பம்பாய்ப் பக்கத்தவர், வடக்கத்தியர் எல்லாரும் இருந்தார்கள். தண்டனைக்காகக் கடல் கடத்தப்பட்டவர்கள், சம்பளத்துக்கு வந்த சிற்பிகள் இல்லை. காலையில் எழுந்து சுவர் தேய்த்தார்கள். மெட்ராஸ் சுண்ணாம்பைக் கலந்த கைகள் எந்த மொழி பேசின என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதம் பார்க்கத் தெரிந்த ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் அதை ஏட்டில் படித்துச் செய்ய முடியாது. 1873-ல் கைதிச் சிறையை மூடினார்கள். விடுதலையானவர்களில் பலர் இங்கேயே தங்கி, மாடு வளர்த்து, வண்டி ஓட்டி, ஊரோடு கலந்தார்கள்.

இந்தப் பழைய சுவர்களுக்கு இன்றைக்கு எமன் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். மேலே சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபட்டு, உள்ளேயே உப்புப் பூத்து, பாளம் பாளமாகப் பெயரும். என் சித்தப்பா வீட்டில் இதைப் பார்த்தேன். நூறு வருடச் சுவர், ஒரு சின்ன விரிசல். அவசரத்துக்கு அகப்பட்ட ஆளை வைத்து சிமெண்ட் அடைத்தார்கள். இரண்டே மழைக்காலம், ஆள் உயரத்துக்குப் பூச்சு கையோடு வந்தது. அந்தச் சுவரைத் திரும்பச் சரிசெய்யத்தான் உருண்டைக் கல் வைத்திருந்த பெரியவரைத் தேடிப் பிடித்தார்கள்.

சென்னையிலிருந்து திரும்பியதும் இதையெல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்பது தாண்டியவர், பிறந்ததிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்காரர். "இதுக்கு எதுக்குய்யா எழும்பூர் வரைக்கும் போன?" என்றார். வீரமாகாளியம்மன் கோயிலைக் கைகாட்டி, "எங்கப்பா காலத்துல அதுக்கு என்ன பேரு தெரியுமா? சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்" என்றார். அந்தப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்திருக்கின்றன. நம்மவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள், மலாய்க்காரர்கள் கம்போங் கபோர் என்றார்கள். கபோர் என்றாலும் சுண்ணாம்புதான். கம்போங் கபோர் என்ற பெயர் இன்னும் அங்கே ஒரு மெதடிஸ்ட் கோயிலின் பலகையில் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் மீன் வாங்கப் போகிறேன்.